தேதி இல்லாத செய்தி

இதழியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "டெட்ராய்ட் நகரத்தின் சரிவைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதியவற்றை வகுப்பில் படித்தோம். வட சென்னையும் அதைப் போல ஆலைகள் மூடிச் சரிந்த பகுதிதானே? நம் ஊடகங்கள் அந்தச் சரிவை ஏன் எழுதவில்லை? எப்போது பார்த்தாலும் ரவுடி, வெள்ளம், வாயுக் கசிவு என்றுதானே செய்தி வருகிறது?"

நான் பட்டாளத்தில் பிறந்தவன். அப்பா பெரம்பூர் பி அண்டு சி மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தார். நான் பத்திரிகையில் நிருபராகவும் துணை ஆசிரியராகவும் முப்பது வருடம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றேன். ஆகவே இந்தக் கேள்வியில் நான் சாட்சி மட்டும் கிடையாது, குற்றவாளிக் கூண்டிலும் எனக்கு ஓர் இடம் உண்டு. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்தப் "போல" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், தம்பி. டெட்ராய்டில் 1950இல் ஏறக்குறைய 18.5 லட்சம் பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 6.4 லட்சம் பேர்கூட இல்லை. ஆட்கள் ஊரைவிட்டே போனார்கள், வீடுகள் காலியாகிக் கூரை சரிந்தது, வரி கட்ட ஆளில்லாமல் 2013இல் மாநகராட்சியே திவால் மனு கொடுத்தது. படம் எடுப்பவர்களுக்கு அது வசதியான வீழ்ச்சி. உடைந்த மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை எத்தனை பேர் எத்தனை கோணத்தில் எடுத்தார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. அந்தப் படங்களில் மனிதர்களே இல்லையே, நாங்கள் இங்கே இன்னும் குடியிருக்கிறோமே என்று ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்த நிலையத்தையும் ஃபோர்டு கம்பெனி வாங்கிச் சீராக்கி 2024இல் திறந்துவிட்டது.

வட சென்னையிலிருந்து யாரும் போகவில்லை. புளியந்தோப்பில் ஒரு வீடு காலியானால் மறுநாள் சாயங்காலத்துக்குள் அட்வான்ஸ் கைமாறிவிடும். இங்கே சரிவு என்பது காலி வீடாகத் தெரியாது. ஒரே அறையில் ஆறு பேர் படுப்பதாகத்தான் தெரியும். தனி மாநகராட்சி இல்லாததால் திவாலாகவும் முடியாது. ஒரே மாநகராட்சிக்குள், ஒரே பட்ஜெட்டுக்குள், பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற நிலைமை இது. எழுதுகிறவனுக்கு இது சிரமமான சரிவு. படத்தில் பார்த்தால் சந்தை மாதிரி ஜேஜே என்றிருக்கும்.

இன்னொரு வித்தியாசம் இதைவிட முக்கியமானது. டெட்ராய்டில் தொழில் போனது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். இங்கே அப்படிச் சொன்னால் பாதிப் பொய். ஆளை நம்பிய ஆலைகள் போயின அல்லது சுருங்கின. புகையும் சாம்பலும் விடுகிற ஆலைகள் இருந்தன, புதிதாகவும் வந்தன.

பக்கிங்காம் ஆலை 1876இல் வந்தது. சில வருடங்களில் கர்நாடிக் ஆலை. இரண்டும் 1920இல் இணைந்து பி அண்டு சி ஆனது. காக்கித் துணிக்குப் பெயர் போன ஆலை. சுதந்திரத்துக்குப் பிறகு 1955இல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. அதே காலகட்டத்தில் எண்ணூரில் லாரி, திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள். இவை எல்லாம் ஷிப்டுக்கு ஷிப்டு ஆட்களை உள்ளே இழுத்து வெளியே விடுகிற இடங்கள். அந்த ஆட்களை நம்பி டீக்கடை, சைக்கிள் நிறுத்துமிடம், மெஸ், அடகுக்கடை, லேத் பட்டறை என்று ஒரு தெருவே பிழைத்தது.

மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் ஓடத் தொடங்கியது. அதன் அருகில் உரம், ரசாயனம். சுத்திகரிப்பு ஆலைக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும், ஆள் அவ்வளவு வேண்டாம். 1990களில் கார்க் கம்பெனிகள் வந்தபோது அவை மறைமலைநகருக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் போயின. கணினி வேலை பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போனது. திருவொற்றியூர் மோட்டார் சைக்கிளின் பெரும் உற்பத்திகூட 2013க்குப் பிறகு ஒரகடம் பக்கம் நகர்ந்தது. வடக்குக்கு என்ன வந்தது? 1994இல் வட சென்னை அனல் மின் நிலையம். 2001இல் எண்ணூர்த் துறைமுகம், அதுவும் முதலில் நிலக்கரிக்காக. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரித் தூசி பறக்கிறது என்று வழக்கு நடந்து, 2011இல் நீதிமன்றம் தடுத்த பிறகு, அந்தக் கரியும் எண்ணூருக்கே போய்ச் சேர்ந்தது. ஊர் முழுவதும் கொட்டுகிற குப்பையில் பாதிப் பங்கு கொடுங்கையூரில். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டிலேயே மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகள் என்று 43 இடங்களைக் குறித்தபோது அதில் மணலியும் இருந்தது.

இந்தப் பண்டமாற்றுதான் வட சென்னையின் முப்பது வருடக் கதை. சம்பளம் தெற்கே, சாம்பல் வடக்கே. இதை இப்படிச் சேர்த்து ஒரே கட்டுரையில் நான் வேலை பார்த்த எந்தப் பத்திரிகையிலும் எழுத முடிந்ததில்லை. ஆலை மூடல் என்பது வணிகப் பக்கத்துக்கு, சாம்பல் என்பது சுற்றுச்சூழல் நிருபருக்கு, குப்பை என்பது மாநகராட்சி நிருபருக்கு. மூன்று பேரும் மூன்று மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். மூவரும் ஒரே தெருவைப் பற்றித்தான் எழுதுகிறார்கள் என்பது அந்தத் தெருவில் குடியிருப்பவனுக்கு மட்டும்தான் தெரியும்.

முன்பு இப்படி இல்லை. 1918ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மில்லுக்கு அருகே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் தொழிலாளர் படும் பாட்டைச் சொல்ல ஆள் தேடிப் போனபோது அவர்கள் போய் நின்றது ஒரு பத்திரிகை அலுவலகத்தில். அன்னி பெசன்ட் நடத்திய நியூ இந்தியாவில் இருந்த பி.பி. வாடியா அங்கிருந்துதான் பெரம்பூருக்கு வந்தார். அப்போது தேசபக்தன் ஆசிரியராக இருந்த திரு.வி.க.வும் வந்தார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பகலில் தலையங்கம் எழுதிய கை சாயங்காலம் மில் வாசலில் தொழிலாளர் கூட்டத்துக்கு முன்னால் உயர்ந்தது. 1923இல் மே தினக் கொடி ஏற்றிய சிங்காரவேலரும் தொழிலாளன் என்று ஒரு பத்திரிகை வைத்திருந்தார். நடுநிலை என்று இன்று நாம் சொல்லும் அளவுகோலால் அளந்தால் இவர்கள் யாரும் தேற மாட்டார்கள். ஆனால் வாசலில் இருந்தார்கள். சங்கத்தின் மீது கம்பெனி போட்ட வழக்கின் விளைவாகத்தான் 1926இல் தொழிற்சங்கச் சட்டமே வந்தது.

அந்தக் காலத்தைப் பொன்னாக்கிப் பேசவும் எனக்கு விருப்பமில்லை. 1921 வேலைநிறுத்தம் ஆறு மாதம் இழுத்து, வேலைக்குப் போனவர்கள், போகாதவர்கள் என்ற பிளவு சாதிப் பிளவாகி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. புளியந்தோப்பு என்ற பெயரோடு கலவரம் என்ற சொல் பத்திரிகையில் ஒட்டிக்கொண்டது அப்போதுதான் என்பது என் கணிப்பு. ஒட்டிய பசை இன்னும் காயவில்லை.

இன்றைக்கும் வியாசர்பாடி ஜீவா என்று ரயில் நிலையம் இருக்கிறது. திரு.வி.க. நகர் என்று மாநகராட்சி மண்டலமே இருக்கிறது. விம்கோ நகர் என்ற மெட்ரோ நிலையத்தின் பெயர் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். பெயர்ப்பலகைகளில் எல்லாம் தொழிலும் தொழிற்சங்கமும் இருக்கின்றன. பத்திரிகையில் தொழிலாளர் நிருபர் என்ற பதவிதான் இல்லை. நான் சேர்ந்தபோது அப்படி ஒருவர் இருந்தார், எப்போதும் பீடி நாற்றம். அவர் ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலியை எடுத்துப் பங்குச்சந்தை எழுதுபவருக்குப் போட்டார்கள்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

1996இல் பி அண்டு சி மூடியது. நான் அப்போது நகர்ப் பக்கத்தில் நிருபர். மில் வாசலில் நோட்டீஸ் பார்க்க நின்ற கூட்டத்தில் அப்பாவும் இருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, தெரியாதவரைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகன் குறிப்பேட்டோடு வந்து நின்றது அவருக்குப் பிடிக்கவில்லை. நான் ஆபீசுக்குப் போய் மூன்று தாள் எழுதினேன். சங்கு ஊதாத காலைநேரத்தைப் பற்றி, நிலுவைச் சம்பளத்தைப் பற்றி, பி.எஃப். பற்றி, மில்லை ஒட்டிய கடைகளில் கடன் நோட்டு எப்படி மூடப்பட்டது என்பதைப் பற்றி. அது தேர்தல் வருடம். மறுநாள் ஐந்தாம் பக்கத்தில், நகைக்கடை விளம்பரத்துக்கு இடது பக்கம், 14 வரி வந்திருந்தது. தலைமைத் துணை ஆசிரியரிடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. "இதற்கு முன்பும் மூடித் திறந்த மில்தானே? திறக்கட்டும், பெரிதாகப் போடலாம்" என்றார்.

திறக்கவில்லை. "இன்றும் திறக்கவில்லை" என்று எந்தப் பத்திரிகையாவது எந்தத் தேதியில் செய்தி போடும்? 1997இல்? 2003இல்? செய்தி என்பது ஏதோ ஒன்று நடந்தது என்று சொல்வது. நடக்காமல் இருப்பதற்குத் தேதி கிடையாது. பம்பாய்ப் பஞ்சாலைகளின் சரிவுக்கு 1982 ஜனவரி 18 என்று ஒரு தேதி இருக்கிறது, தத்தா சாமந்த் என்று ஒரு தலைவர் முகம் இருக்கிறது. ஆகவே ஆண்டு நிறைவுக் கட்டுரையாவது வரும். பெரம்பூருக்கு அதுவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஆள் குறைந்து, இயந்திரம் பழசாகி, நஷ்டக் கணக்கு ஏறி, நிலத்தின் விலை ஆலையின் மதிப்பைத் தாண்டி, ஒருநாள் நின்றது.

நின்ற பிறகு என்ன நடந்தது என்பதும் அப்படித்தான். எங்கள் தெருவை வைத்துச் சொல்கிறேன். முதல் வருடம் அடகுக்கடையில் கூட்டம். இரண்டாம் வருடம் பெண்கள் அண்ணா நகருக்கு வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். தெருமுனை மெஸ் மூடி ஜெராக்ஸ் கடையானது. என்னோடு பத்தாவது படித்தவன் மகனைப் பதினொன்றாம் வகுப்போடு நிறுத்தித் துறைமுகத்துக்குச் சுமை ஏற்ற அனுப்பினான். லேத் பட்டறை வைத்திருந்தவர் இயந்திரத்தை எடைக்குப் போட்டுவிட்டு ஆட்டோ வாங்கினார். இதில் எது செய்தி? ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக் கதை. பத்து வருடம் கழித்து அந்த வீடுகளில் ஒன்றிலிருந்து ஒரு பையன் கஞ்சா வழக்கில் சிக்கினால் அது செய்தி, படத்தோடு.

மில் இருந்த இடத்துக்கு அதற்குள் வேறு வேலை கிடைத்திருந்தது. கூரை உடைந்த பெரிய கூடங்கள், வரிசை வரிசையாக இரும்புத் தூண்கள், மேலேயிருந்து விழும் வெளிச்சம். சினிமாக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? எத்தனையோ படங்களின் சண்டைக் காட்சிகள் அங்கேதான் எடுக்கப்பட்டன. வில்லனின் கூடாரம் என்றாலே அந்தத் தூண்கள்தான். ஒரு சனிக்கிழமை இரவு தொலைக்காட்சியில் கதாநாயகன் இருபது பேரைப் பந்தாடிக்கொண்டிருந்தான். அப்பா எழுந்து போய்த் திரையில் விரல் வைத்து, "இந்தத் தூணுக்கு இரண்டு தூண் தள்ளி என் தறி" என்றார். பேரப்பிள்ளைகள் தலை மறைக்கிறது என்று கத்தினார்கள். உட்கார்ந்துவிட்டார். டெட்ராய்டின் இடிபாட்டைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் விமானம் ஏறி வந்தார்கள். எங்கள் இடிபாட்டை நாங்களே டிக்கெட் வாங்கிப் பார்த்தோம், அது எங்களுடையது என்று பெயர் போடாமல்.

குற்றச் செய்திக்கு வருவோம். வட சென்னை என்றால் ரவுடி என்பது ஏதோ சதி என்று நினைக்காதீர்கள். சதி செய்யக்கூட நேரமில்லாத தொழில் இது. குற்றச் செய்தி மலிவானது, அதுதான் காரணம். காவல்துறைக் குறிப்பு ஒன்று வரும். அதில் பெயர், வயது, ஊர், அடைமொழி, முன்வழக்குகளின் எண்ணிக்கை, படம் எல்லாம் தயார். நிருபர் வேப்பேரி ஆணையர் அலுவலகத்தைவிட்டு வடக்கே ஓர் அடி வைக்க வேண்டியதில்லை. அரை மணி நேரத்தில் முக்கால் பத்தி. அடைமொழி இருந்தால் துணை ஆசிரியருக்குக் கொண்டாட்டம், தலைப்பு தானாக வந்துவிடும். நானே அப்படித் தலைப்பு வைத்திருக்கிறேன். ஒரு ஆலைத் தொழிலாளியின் பி.எஃப். தொகை ஏன் வரவில்லை என்று எழுத வேண்டுமானால் மூன்று அலுவலகம், ஐந்து நாள், ஒரு வழக்கறிஞர். விளைச்சல் அதே முக்கால் பத்தி. எந்த நிருபர் எதைச் செய்வார் என்று நீங்களே சொல்லுங்கள்.

2024 ஜூலையில் பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொல்லப்பட்டபோது இது உச்சத்துக்குப் போனது. எந்தக் கும்பல் எந்தத் தெரு என்று வரைபடம் போட்டுக் காட்டினார்கள். அந்தத் தெருக்களில் பள்ளிக்கூடம் எங்கே, தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று காட்டிய வரைபடம் எதையும் நான் பார்த்ததில்லை.

இதற்கு விலை கொடுப்பது யார் என்று கேட்டால், வேலைக்கு விண்ணப்பம் போடும் பிள்ளைகள். எங்கள் உறவில் ஒரு பெண், பொறியியல் முடித்தவள், வியாசர்பாடி. விண்ணப்பத்தில் பெரம்பூர் என்று எழுதுவாள். கேட்டால், "பின்கோடு பக்கம்தானே மாமா" என்று சிரிப்பாள். கல்யாணப் பேச்சிலும் பெரம்பூர்தான். கடன் அட்டை கேட்டுப் போன இடத்தில் முகவரியைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிய கதைகள் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒன்று தேறும்.

ஒரு வேடிக்கையைக் கவனித்திருக்கிறீர்களா? வந்தே பாரத் ரயிலின் முதல் வண்டி 2018இல் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையிலிருந்துதான் வெளியே வந்தது. செய்தியில் அது "சென்னையில் தயாரான ரயில்". தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. அது "சென்னையின் பெருமை". கேரம் உலகச் சாம்பியனான இளவழகி வியாசர்பாடிக்காரர், "சென்னை வீராங்கனை". கத்திக்குத்து நடந்தால் மட்டும் "வட சென்னையில் பயங்கரம்". நல்லது நடந்தால் திசை உதிர்ந்துவிடும். நீங்கள் ஒரு மாதச் செய்தித்தாள்களை எடுத்து இந்த ஒரு சொல்லை மட்டும் எண்ணிப் பாருங்கள், பாடத்திட்ட ஆய்வேடே தயார்.

வெள்ளச் செய்தியின் தலைநகரம் கணேசபுரம் சுரங்கப்பாதை. வியாசர்பாடிக்கும் புளியந்தோப்புக்கும் நடுவே ரயில் பாதைக்கு அடியில் போகும் வழி. மழை வந்தால் நிரம்பும், நாங்கள் சிறுவர்களாக இருந்தபோதும் நிரம்பியது. இப்போது மழை எச்சரிக்கை வந்ததும் நேரலை வண்டி தானாக அங்கே போய் நிற்கிறது. நிருபர் எந்தப் படியில் நின்றால் தண்ணீர் முழங்காலுக்கு வரும் என்பது எல்லாச் சானலுக்கும் தெரியும். இன்னும் இரண்டு அடி உள்ளே போனால் இடுப்பு, அது அடுத்த அரை மணி நேரத்துக்கு. அருகில் டீக்கடை வைத்திருப்பவர் ஒருமுறை என்னிடம், "சார், தண்ணீர் வடிந்த பிறகு ஒருநாள் வந்து இங்கே ஏன் நிற்கிறது என்று கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்" என்றார். நானும் சொன்னேன். தண்ணீர் வடிந்த பிறகு வண்டி வேறு தண்ணீருக்குப் போய்விட்டிருந்தது. சில தொலைக்காட்சி அலுவலகங்கள் ஈக்காட்டுத்தாங்கல், கிண்டி பக்கம். அங்கிருந்து கணேசபுரம் வந்து போக அரை நாள். அந்த அரை நாளுக்கு நேரலை கொடுத்தால்தான் கட்டுப்படியாகும்.

எழுதவே இல்லையா என்றால், எழுதினார்கள். கண் முன்னே உதிர்ந்தபோது எழுதினார்கள். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் விரலால் சுரண்டினால் சுவர்ப் பூச்சு கொட்டியது. குடிவந்தவர்கள் கேமரா முன் சுரண்டிக் காட்டினார்கள். ஊரே பார்த்தது, சட்டமன்றத்தில் பேசினார்கள், ஐஐடி வல்லுநர்கள் வந்து சோதித்தார்கள். நல்ல செய்திப் பணி, குறை சொல்ல மாட்டேன். அதே வருடம் டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட அரசுக் குடியிருப்புக் கட்டடம் ஒன்று சரிந்து விழுந்தது. 1993இல் கட்டியது. விரிசலைக் கண்டு கொஞ்ச நேரத்துக்கு முன் எல்லோரும் இறங்கிவிட்டதால் ஒரு உயிரும் போகவில்லை. விழுந்த அன்று அத்தனை கேமராவும் அங்கே. விழுவதற்கு முந்தைய 28 வருடம் அந்தக் கட்டடமும் அதன் வயதுள்ள மற்ற கட்டடங்களும் பழையதாகிக்கொண்டுதான் இருந்தன. சுவர் உதிர்வதற்குக் கேமரா வரும், ஊறுவதற்கு வராது.

எண்ணூர் இந்தக் கதையின் கடைசி அத்தியாயம் மாதிரி. 2017 ஜனவரி 28 விடியற்காலையில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. பாதிப்பு ஒன்றும் இல்லை என்றுதான் துறைமுகத்திலிருந்து முதலில் சொன்னார்கள். பிறகு தார் மாதிரி கரை ஒதுங்கியதை இளைஞர்கள் வாளியால் அள்ளிய படம் உலகமெங்கும் போனது. அதே ஆண்டு அக்டோபரில் கமல்ஹாசன் கொசஸ்தலையாற்றில் படியும் அனல் மின் நிலையச் சாம்பலைப் பார்க்கப் போனபோது, மீனவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு விஷயம் ஒரே நாளில் முதல் பக்கத்துக்கு வந்தது. சாம்பல் குழாய் உடைந்து ஆற்றில் படிவது அதற்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கிக் கழிமுகம் முழுவதும் பரவியது. எண்ணெய் பூசிய கூழைக்கடாக்களின் படம்தான் அதிகம் பகிரப்பட்டது. அந்த ஈரம் காய்வதற்குள், டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பத்தில் உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கடல் கொதிப்பது போலக் குமிழியிட்ட காட்சியை முதலில் எடுத்துப் பரப்பியவர்கள் ஊர் மக்கள், தங்கள் கைப்பேசியில், முகத்தைத் துணியால் பொத்திக்கொண்டு. நிருபர்கள் பிறகுதான் வந்தார்கள்.

இந்த மாற்றம் எனக்கு நம்பிக்கை தருகிறது, கொஞ்சம் வெட்கமும் தருகிறது. ஆனால் கைப்பேசியும் நிகழ்ச்சியைத்தான் பிடிக்கும். காட்டுக்குப்பத்தில் ஒரு பெரியவர், எண்ணெய்க் கசிவு முடிந்து நான்கைந்து மாதம் கழித்து, இறால் கூடையைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு கைப்பிடி. "எண்ணெய் எடுத்த படத்தை எல்லோரும் எடுத்தார்கள். எண்ணூர் மீன் என்றால் காசிமேட்டில் என்ன விலைக்குக் கேட்கிறார்கள் என்று கேட்க ஒருவரும் வரவில்லை" என்றார். நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் பார்த்துவிடுங்கள். பின்னி மில் என்றும் ஊரில் சொல்லும் பி அண்டு சி நிலத்தில் இன்று உயர்ந்த அடுக்குமாடிகள். மெட்ரோ 2021இல் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுமனை இணைப்பில் இந்த இடங்கள் "வேகமாக வளரும் பகுதி". திங்கட்கிழமை நகர்ப் பக்கத்தில் அதே இடங்கள் "பின்தங்கிய வட சென்னை". ஒரே பத்திரிகை, ஒரே அச்சகம். விளம்பரம் கொடுப்பவருக்கு ஒரு வட சென்னை, செய்திக்கு ஒரு வட சென்னை. வளர்ச்சி யாருடையது, வாடகை ஏறியதால் பட்டாளத்திலிருந்து செங்குன்றத்துக்குப் போனவர்கள் யார் என்ற கேள்வி இரண்டு பக்கத்துக்கும் நடுவே விழுந்துவிடுகிறது.

அரசும் கணக்குச் சொல்கிறது. வட சென்னை வளர்ச்சித் திட்டம் என்று 2023 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். 2024 மார்ச் 14 அன்று தங்கசாலையில் முதல்வர் தொடங்கிவைத்தபோது அது 4,181 கோடி ஆகியிருந்தது. தொகை தலைப்பாக வந்தது. அந்தத் தொகையில் எந்தத் தெருவுக்குக் குழாய் போட்டார்கள், எந்தப் பள்ளிக்குக் கட்டடம் எழும்பியது, எது ஏற்கெனவே நடந்த வேலைக்குப் புதுப் பெயர் என்று உட்கார்ந்து பிரித்துப் பார்க்கும் வேலைக்கு ஒரு நிருபரை ஆறு மாதம் விட வேண்டும். எந்தப் பத்திரிகை விடும்? விட்டால் சந்தா கட்டிப் படிக்க எத்தனை பேர் இருக்கிறோம்? ஊடகத்தை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது, நீங்களும்தான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்காமல் விட்டாலும் சொல்லிவிடுகிறேன். டெட்ராய்டைப் பற்றிப் படித்ததை மறக்க வேண்டாம், ஓரமாக வையுங்கள். ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரம்பூர் பேரக்ஸ் சாலையிலிருந்து பிரியும் ஏதாவது ஒன்று. 1996இல் அந்தத் தெருவில் யார் யாருக்கு மில்லில் வேலை, இன்று அந்த வீட்டில் யார், என்ன வேலை, நிரந்தரமா கான்டிராக்டா, கையில் எவ்வளவு. நாற்பது வீடு போதும். கதவைத் தட்டினால் முதலில் ரேஷன் கார்டு கணக்கெடுப்பு என்று நினைப்பார்கள். இரண்டாம் முறை போனால் டீ வரும். மூன்றாம் முறை போனால்தான் பி.எஃப். சீட்டையும் டோக்கனையும் எடுத்துக் காட்டுவார்கள். மில்லின் பித்தளை டோக்கனைப் பழைய இரும்புக்காரரிடம் போட மனமில்லாமல் பீரோவில் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. எங்கள் வீட்டிலும் இருக்கிறது.

எண்ணூருக்கும் போங்கள், ஆனால் எதுவும் நடக்காத நாளில் போங்கள். விடியற்காலை நான்கு மணிக்குக் கழிமுகத்தில் படகு கிளம்பும்போது அங்கே இருக்க வேண்டும். எட்டு மணிக்குத் திரும்பியதும் என்ன மீன், எத்தனை கிலோ, யார் வாங்கினார், என்ன விலை என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மாதமும் அதே தேதியில் போங்கள். நல்ல செருப்பு போட்டுக்கொண்டு போக வேண்டாம், அந்தச் சேறு ஒட்டினால் போகாது.